கோடீஸ்வரி மாற்றாத வரி

எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆவதற்குள் செய்தி வந்தது. நாங்கள் நாளெல்லாம் உட்கார்ந்து செய்த வேலையை இப்போது ஒரு நிரல் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறதாம். நல்லது. கடைசிவரை அங்கே இருந்த பிள்ளைகள் போன் செய்து, "அக்கா, ஞாபகார்த்தமா மலர் ஒண்ணு போடறோம். உங்க சர்வீஸ்ல நல்ல விஷயமா நாலு எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். நல்ல விஷயமாக நான்கைத் தேடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எதை எடுத்தாலும் கோடீஸ்வரியில் போய் நின்றது. மலருக்கு வேறு ஏதோ இரண்டு பக்கம் ஒப்பேற்றி அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு அனுப்ப முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கோடீஸ்வரி திருப்பதி ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். இணையத்தில் அவள் முழுப்பெயரை இட்டுத் தேடினால் முதலில் வருவது ஒரு பழைய மடல். அவள் செய்த தவறால் யாரோ ஒருவருடைய பதிவுகள் எல்லாம் அழிந்துபோயின என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தவறை அவள் செய்யவில்லை. அந்த மடலிலிருந்து அவள் பெயரை மீட்க முடியுமா என்பதைத் தவிர வேறு எதுவும் சில மாதங்களாக என் தலையில் ஓடவில்லை.

நான் ஆந்திர எல்லையோரத்து நகரிக்காரி. நைனா தறி ஓட்டினார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, இரண்டிலும் அரைகுறை என்று இரண்டு வாத்தியார்களும் சொன்னார்கள். டிகிரி முடித்து சித்தூரில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்தேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, காணிப்பாக்கம் திருவிழா நோட்டீஸ். பிறகு நாடு கதவைத் திறந்துவிட்டது என்றார்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின; அவற்றைக் கணினியில் அடித்துக் கொடுத்தோம். கல்யாணமாகிப் புத்தூர் வந்த பின் திருப்பதி ஆபீசில் வேலை கிடைத்தது. ஓய்வு வரை அங்கேதான். எனக்குப் பிழை வராது என்று ஆபீசில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

வேலை இதுதான். மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். நிரல் எழுத ஆள் கிடைப்பார்கள். அதன் கையேட்டைச் சீராக வைத்திருக்க ஆள் கிடைக்க மாட்டார்கள். அப்படி ஒரு கையேட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் ஆபீசை அமர்த்தியிருந்தது. கணினியில் உள்ளதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்து, கணினி கெட்டால் அந்த நகலிலிருந்து மீட்டுக் கொடுக்கிற மென்பொருள் அது.

கையேட்டில் அங்கங்கே 'விவரத்துக்கு இன்ன பகுதியைப் பார்க்க' என்று வரும். அதை அழுத்தினால் அந்தப் பகுதிக்குப் போக வேண்டும். தானாகப் போகாது. போய்ச் சேர வேண்டிய தலைப்புக்கு மேலே தனி வரியில் ஓர் அடையாளப் பெயர் எழுத வேண்டும். அனுப்புகிற இடத்தில் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலைப்பைக் கையால் எழுதக் கூடாது. அடையாளத்துக்குக் கீழே எந்தத் தலைப்பு இருக்கிறதோ அதை இயந்திரமே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அடையாளமே இல்லாமல் கூப்பிட்டிருந்தால் இயந்திரம் சிவப்பில் எச்சரிக்கை காட்டும். இந்த அடையாளங்களையும் கூப்பாடுகளையும் தேடித்தேடித் திருத்துவதுதான் எனக்குச் சோறு போட்டது.

அடையாளத்துக்கு எங்கள் ஆபீசில் 'பொட்டு' என்று பெயர். வைத்தவர் எங்கள் மேலாளர் நரசிம்முலு சார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர். எங்கள் பக்கம் வீட்டு விசேஷத்துக்கு அழைக்க வந்தால் வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் வைத்து அழைக்க வேண்டும். பொட்டு வைத்துக் கூப்பிடவில்லை என்றால் பத்திரிகை வந்திருந்தாலும் போக மாட்டார்கள். சார் முதல் நாளே அதைத்தான் சொன்னார்: "பொட்டு பெட்டி பிலிஸ்தேனே வஸ்துந்தம்மா." பொட்டு வைத்துக் கூப்பிட்டால்தான் வரும். அதற்கப்புறம் யாரும் ஆங்கிலப் பெயரைச் சொன்னதில்லை. "இந்தத் தலைப்புக்குப் பொட்டு இல்ல", "பொட்டு ரெண்டு எடத்துல கீது" என்றுதான் பேசிக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஒரு முறை மேலதிகாரி வந்தவர், இத்தனை பேர் என்ன பொட்டைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சாரைத் தனியாகக் கேட்டாராம்.

சார் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மௌஸைத் தொட மாட்டார். திரையில் ஒரு கூப்பாட்டை மோவாயால் காட்டி, "பொய்யி சூசி ரா" என்பார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். எங்கள் தமிழ்க் காதுக்குப் பொய் என்று விழும். முதல் வாரம் கோடீஸ்வரி, தன்னைப் பொய்க்காரி என்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டாள். போய்ப் பார்ப்பதென்றால் அழுத்த வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும், திரும்பி வந்து, அனுப்பிய வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று கேட்பார். பேசவில்லை என்றால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். மெதுவாகப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

கோடீஸ்வரி நகரிக்கு அந்தாண்டை, எல்லையோரத்து ஊரிலிருந்து வந்தவள். அவள் அப்பா அம்மாவுக்கு நிலம் கிடையாது, கூலி வேலைதான். "பேரு மட்டும்தாங்க்கா கோடீஸ்வரி" என்று அவளே முதலில் சொல்லிச் சிரித்துவிடுவாள், வேறு யாரும் சொல்வதற்கு முன். ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறுவாள். நான் புத்தூரில் ஏறுவேன். எனக்கு ஜன்னல் ஓரத்தில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். இரண்டே வருடத்தில் வேலையில் எனக்குச் சமமாக வந்துவிட்டாள். பெங்களூர் ஆபீசுக்கு மாற்றுவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து வெளிநாடுகூட அனுப்புவார்கள். தன் தெருவில் பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் போன பெண் தான் ஒருத்திதான் என்று ரயிலில் சொல்லிக்கொண்டு வருவாள்.

இதற்கிடையில் ஆபீஸ் மாறிவிட்டது. தேர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராக பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். இருந்தவர்கள் மேல் வேலை குவிந்தது. வாரக் கடைசியில் எச்சரிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு என்று மேலிருந்து உத்தரவு வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு அதில் இடமில்லை. சாரும் எங்கள் பின்னால் வந்து நிற்பதை நிறுத்திக்கொண்டார். தன் அறையில் உட்கார்ந்து எண்ணிக்கை பார்த்தார்.

அப்படி ஒரு வாரத்தில்தான் புதிய பகுதி ஒன்று வந்தது. 'டிஸ்க்கைத் தயார் செய்தல்' என்று தலைப்பு. நகல் எடுப்பதற்கு முன் வெற்று டிஸ்க்கை எப்படித் துடைத்து வைப்பது என்ற பகுதி. அதன் முதல் படியே டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழிக்கிற கட்டளை. "மீட்கறதுக்கு முந்து பெட்டம்மா" என்றார் சார். 'நகலிலிருந்து மீட்டல்' என்று ஒரு பகுதி ஏற்கெனவே இருந்தது. அதற்கு முன்னால் இதை வைக்கச் சொன்னார். நான் 'மீட்டல்' என்ற தலைப்பைத் தேடி, அதன் தொடக்கத்தில் கர்சரை வைத்து, புதிய பகுதியை அப்படியே ஒட்டினேன். தலைப்புக்கு முந்தி என்றால் எனக்குத் தலைப்புக்கு முந்திதான். அந்தத் தலைப்பின் பொட்டு ஒரு வரி மேலே இருந்ததை நான் பார்க்கவில்லை. புதிய பகுதி பொட்டுக்கும் தலைப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்டலின் பொட்டு இப்போது அழித்தலின் நெற்றியில்.

இயந்திரத்துக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொட்டு இருக்கிறது, அதன் கீழ் ஒரு தலைப்பு இருக்கிறது, கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எச்சரிக்கை பூஜ்யம் என்று காட்டியது. நான் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த வாரம் கோடீஸ்வரி அதே கோப்பைத் திறந்தாள். வரிகள் முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு. அது கோப்பு முழுவதும் தப்பான வகையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றினாள். ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் யார் எதை மாற்றினார் என்று குறித்து வைக்கிற பதிவேட்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவள் அவள்.

கையேடு வெளியாகிச் சில வாரங்களில் பொது மடல் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஏதோ தூர தேசத்து மலைக் கிராமங்களில் முகாம் நடத்துகிற ஒரு செவிலி. கணினி நின்றுபோயிருக்கிறது. கையேட்டில் 'கணினி கெட்டுப்போனால்' என்ற அத்தியாயத்தைத் திறந்திருக்கிறார். 'நகல் உள்ள டிஸ்க்கை இணைக்கவும். பிறகு பார்க்க' என்று இருந்ததை அழுத்தியிருக்கிறார். அது அவரை 'டிஸ்க்கைத் தயார் செய்தல்' பகுதியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. முதல் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, யாருக்கு எப்போது மறுபடி போட வேண்டும் என்று சேர்த்து வைத்த அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "பக்கம் சொன்னதைத்தான் செய்தேன்" என்று முடித்திருந்தார்.

படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒட்டிய இடம் கண் முன்னால் வந்தது.

சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். எந்த வரியை யார் தொட்டார் என்று காட்டுகிற கட்டளை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'பழி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பொட்டின் வரிக்கு எதிரே கோடீஸ்வரியின் பெயர். அதற்கு மேல் வரிக்கும் அவள் பெயர். கீழ் வரிக்கும் அவள் பெயர். கோப்பு முழுவதும் அவள் பெயர்தான். தொழில் தெரிந்த யாருக்கும் அதைப் பார்த்த உடனே சந்தேகம் வர வேண்டும்.

"நான் அப்பிடிப் பண்ல சார்" என்றாள் கோடீஸ்வரி. "வரி முடிவ மட்டும்தான் மாத்தினேன். எடத்த மாத்தல சார். வேணும்னா நான் மாத்தறதுக்கு முந்தின பழசு எடுத்துப் பாருங்க."

சார் பழசை எடுத்துப் பார்க்கவில்லை. பெருமூச்சும் விடவில்லை. என்னைப் பார்த்து, "நீ ஏமம்மா அண்டாவு?" என்று கேட்டார். நீ என்னம்மா சொல்கிறாய்.

நான், "பாக்கணும் சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்கூட இல்லை. இத்தனை வருடத்தில் அதைவிடக் கேவலமாக நான் எதுவும் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் கோடீஸ்வரி எதிரே உட்கார்ந்தாள். ரேணிகுண்டாவில் வண்டி நின்றது. வடை விற்கிறவர் ஏறி இறங்கினார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நாளைக்கு முதல் வேலையாக சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிழையே வராத சீனியர், இப்படி ஒரு பிழை. புதிதாக வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், பெங்களூரில் என்ன பேசுவார்கள் என்று அடுக்கிய வாக்கியங்களை நானே கலைத்துக்கொண்டும் இருந்தேன். புத்தூர் வந்தது. "வரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் சார் பொது மடல் குழுவுக்குப் பதில் அனுப்பியிருந்தார். பிழைக்கு வருந்துகிறோம், அந்த மாற்றத்தைச் செய்தவர் இன்னார், அவர் இந்தப் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று முழுப்பெயரோடு. ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லாமே திறந்துதான் இருக்கும். அந்த மடலை உலகத்தில் யாரும் படிக்கலாம், இன்றைக்கும் படிக்கலாம். கோடீஸ்வரி அந்த மாதத்தோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம்போல நான் பஸ்ஸில் போனேன். கேட்டவர்களிடம் ரயில் நேரம் ஒத்துவரவில்லை என்றேன்.

அந்தப் பொட்டைச் சரியான இடத்துக்கு மாற்றியதும் நான்தான். ஒரு வரியை வெட்டி, கீழே ஒட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு முதலில் சாரைப் பார்க்க சித்தூர் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். வாயைத் திறக்க அவ்வளவு வருடம் ஆன விஷயத்தை அவர் முடிக்கக்கூட விடவில்லை.

"தெலுசம்மா" என்றார். "தெரியும். ஒங்கள உள்ள கூப்டறதுக்கு முந்தியே பழசு எடுத்துப் பாத்துட்டேன். ஒன் பேருதான் இருந்தது. அந்தப் பொண்ணு கான்ட்ராக்டு. நுவ்வு போத்தே டீமே போத்துந்தி, நீ போனா டீமே போயிடும். அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு பேரு வேண்டியிருந்தது, குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் கேட்டீங்க சார் அப்போ?"

"நீ சொல்லிட்டா நான் அனுப்ப மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். "நீ சொல்லல."

காபி கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

கோடீஸ்வரியின் ஊரைத் தேடிப் போனது அடுத்த வாரம். மாங்கூழ் பேக்டரியில் சீசனுக்குப் பழம் பிரிக்கப் போகிறாள், மற்ற நாளில் கிடைத்த கூலி வேலை என்று தெருவில் சொன்னார்கள். அன்று வீட்டில் இருந்தாள்; விரல் இடுக்கெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கக்கா. வெயில்ல வந்துகினு கீறீங்க. ஒக்காருங்க. எதுனா துன்றீங்களா?"

நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். பாதியில் அழுகை வந்தது. அவள் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். "ரூம்ல இருந்து வந்ததும் நானே பழசு எடுத்துப் பாத்துட்டேன். உங்க பேரு இருந்துச்சி. சரி, அக்கா எதுனா சொல்லும்னு ரயில்ல பாத்துக்கினே வந்தேன். ரேணிகுண்டா தாண்டிச்சி. அப்பறம் புத்தூரு வந்துடுச்சி, நீங்க எறங்கிட்டீங்க."

"நீயே சொல்லியிருக்கலாமேடி?"

"யார் நம்புவாங்க? உங்களுக்குத்தான் தப்பே வராதே" என்றாள். குத்திக் காட்டவில்லை. இருந்ததைத்தான் சொன்னாள். அதைத் தாங்க முடியவில்லை.

பெங்களூரில் ஒன்று, சென்னையில் இரண்டு என்று மூன்று இடத்தில் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். சென்னையில் ஓர் அம்மாள் மடிக்கணினியைத் திருப்பி அந்த மடலைக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறாள். அதோடு கோடீஸ்வரி வேலை தேடுவதையே நிறுத்திவிட்டாளாம். "கல்யாணத்துக்குப் பாக்க வந்தவங்ககூட போன்ல தட்டிப் பாத்துட்டாங்கக்கா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அத்த எடுத்துட முடியுமாக்கா? உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

முடியாது என்று எனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புத்தூர் வந்ததும் பொது மடல் குழுவுக்கு எழுதினேன். எந்த வரி, எப்படி நகர்ந்தது, யார் நகர்த்தினார், கோடீஸ்வரியின் பெயர் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாக. அனுப்பிய நிமிடத்திலேயே திரும்பி வந்தது. அந்த முகவரி இப்போது இல்லையாம். திட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பழைய மடல்கள் படிக்க மட்டும் கிடைக்கும், பதில் போட முடியாது. புதிய இடத்தைத் தேடிப் பிடித்து எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. பழைய பதிவுகளை மாற்றுவது எங்கள் வழக்கம் இல்லை, அவற்றின் நகல் பல இடங்களில் இருக்கிறது, நாங்கள் எடுத்தாலும் போகாது. உண்மைதான். அந்த மாதிரி நகல்களைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் நாங்கள் அத்தனை பேர் உழைத்தோம். திருப்பதி ஆபீசுக்கும் எழுதினேன். பிரிவே இல்லாதபோது யார் பார்ப்பது என்று கேட்டார்கள்.

கோடீஸ்வரிக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"தமிழ்ல எங்கனா எழுதினா, தேடினா வருமாக்கா?" என்றாள்.

"பேரு சரியா போட்டிருந்தா வரும்."

"மொதல்ல வருமா?"

"வராதும்மா. அந்த மடலுக்குக் கீழதான் வரும். யாராவது அடி வரைக்கும் பாத்தாத்தான்."

"பரவால்ல, எழுதுங்க" என்றாள். "முழுப் பேரா போடுங்க. உங்க பேரும் போடுங்க."

அந்த வரியை முனுசாமி மகள் கோடீஸ்வரி மாற்றவில்லை. மாற்றியவள் நான், புத்தூர் வேதவல்லி சண்முகம்.